இடைநிறுத்தத்தை எதிர்த்து எங்கே மேன்முறையீடு செய்வது?

கேள்வி (கிளிநொச்சி): பத்தாம் தரம் படிக்கும் என் மகனைக் கைபேசி வைத்திருந்ததற்காக, அவன் விளக்கத்தைக் கேளாமலே இரண்டு வாரம் இடைநிறுத்தியுள்ளார்கள். கிடைத்தது கொப்பித் தாளில் இரண்டு வரி மட்டுமே. யாரிடம் முறையிடலாம்?

பதில் 1: காரணத்தையும் விசாரணைக் குறிப்பையும் அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள், மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். வலயக் கல்விப் பணிப்பாளருக்கு மேன்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது.

பதில் 2: அரச பாடசாலையெனில், அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், ஆனால் அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் (வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு) முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் அம்மாதத்தில் சேராது.

கேட்டவர்: கடிதத்தில் திகதியே இல்லையே?

பதில் 1: கைக்குக் கிடைத்த நாளைத் தனியே குறித்து, கடிதத்தை இன்றே படமெடுத்து வையுங்கள்.