நீளமில்லாத ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்க்கிறது?

திருநெல்வேலியில் கட்டவிருக்கும் இரும்புக்கூரை மண்டபம் ஒன்றின் கணினி மொடல் என்னிடம் பார்க்க வந்தது. தூணும் பீமும் சேரும் மூட்டு போல்ட் போட்டது; முழு இறுக்கமும் இல்லை, வெறும் கீலும் இல்லை. அதனால் தூணுக்கும் பீமுக்கும் நடுவே ஜீரோ லெங்த் எலமென்ட், அதாவது நீளமே இல்லாத ஸ்பிரிங், வைத்திருந்தார்கள். செய்த தம்பி அதைக் கட்டமைப்பைக் கணிக்கும் இரண்டு மென்பொருள்களில், ஓப்பன்சீஸில் ஒருமுறை, சாப் 2000இல் ஒருமுறை ஓட்டியிருக்கிறார். விடைகள் கிட்டவும் வரவில்லை.

வினை அச்சில் இருந்தது. ஸ்பிரிங்கின் இரு முனைப் புள்ளிகளான இரண்டு நோட்டுக்கும் ஒரே ஆள்கூறு என்றால் அவற்றை இணைக்கும் கோடு கிடையாது. பிறகு எலமென்ட்டின் அச்சு எது? மென்பொருள் தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஓப்பன்சீஸில் அச்சுகளின் திசையைச் சொல்லும் ஓரியன்ட் கொடுக்காவிட்டால் உள் அச்சுகள் பொது அச்சுகளேதான். 1ஆம் திசை கிடையான எக்ஸ். சாப்பிலோ 1ஆம் அச்சு மேல்நோக்கிய இசட், 2ஆவது எக்ஸ். ஆகவே எக்ஸ்-இசட் தளத்தில் நிற்கும் ஃபிரேமில் பீம் வளையும் சுழற்சி, அதாவது வை அச்சைச் சுற்றியது, ஓப்பன்சீஸில் திசை 5 (1 முதல் 3 நகர்வு, 4 முதல் 6 சுழற்சி), சாப்பில் ஆர்3 (3ஆம் அச்சைச் சுற்றிய சுழற்சி). எண்ணை அப்படியே பெயர்த்து எழுதினால் கதை முடிந்தது.

ஓப்பன்சீஸில் இன்னொன்று: மெற்றீரியல் கொடுக்காத திசையில் விறைப்பே இல்லை. மற்றத் திசைகளை, இங்கே 1, 2, 3, 4, 6, இரு நோட்டையும் ஒன்றாக அசையவைக்கும் ஈக்வல்டிஓஎஃப் கட்டளை கொண்டு கட்டவேண்டும். சிலர் அதற்குப் பதில் பத்தின் இருபதாம் அடுக்கில் ஒரு விறைப்பைக் கொடுப்பார்கள். கணினி ஒரு எண்ணில் சுமார் 16 இலக்கம்தான் வைத்திருக்கும். பக்கத்து பீமின் விறைப்பு அதற்குள் காணாமல் போய்விடும். பக்கத்து விறைப்பைப்போல் ஆயிரம் முதல் பத்து லட்சம் மடங்கு தாராளம்.

முழு மண்டபத்தில் பிழை தேட நான் விடவில்லை. ஒரே ஒரு பீம் போடச் சொன்னேன்: 6 மீற்றர் நீளம், மீற்றருக்கு 10 கிலோநியூட்டன், இரு முனையிலும் 2ஈஐ/எல் விறைப்புள்ள சுழல் ஸ்பிரிங் (ஈ பொருளின் மீள்மை மட்டு, ஐ வெட்டுமுகத்தின் சடத்துவத் திருப்பம், எல் நீளம்). வளைவுத் திருப்புதிறன் முனையில் 15, நடுவில் 30 கிலோநியூட்டன் மீற்றர் வரவேண்டும். முனையில் 30, நடுவில் 15 என்றால் மூட்டு இறுகிக் கிடக்கிறது. முனையில் பூச்சியம், நடுவில் 45 என்றால் ஸ்பிரிங் வேறு திசையைப் பார்க்கிறது. இந்தக் கடைசி வகைதான் பொல்லாதது: மொடல் நிலையாகவே நிற்கும், எந்த எச்சரிக்கையும் வராது. தம்பியின் சாப் மொடலில் வந்தது அந்த 45தான்.

*

அண்ணை, நீங்கள் சொன்ன ஒற்றைப் பீமில் எங்களுக்கு முனையில் வந்தது அந்த 30. அச்சு, விறைப்பு எல்லாம் சரி. சாப்பில் ஒரே இடத்தில் இரண்டு நோட் வைத்தால் அது ஒன்றாக்கிவிடும். லிங்க் (சாப்பில் இந்த ஸ்பிரிங்கின் பெயர்) இருந்தும் இல்லாத மாதிரி. இரண்டுக்கும் வேறு வேறு மேர்ஜ் நம்பர் கொடுத்த பிறகுதான் தனித்தனியாக நின்றன.

*

நான் இந்த ஸ்பிரிங்கை மூட்டுக்கு இல்லை, அத்திவாரத்துக்குப் பாவிக்கிறேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். தண்ணீர்த் தாங்கியின் தூண்களைக் காற்று தள்ளும்போது ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் கிளம்பப் பார்க்கும். கல் தாங்கும், ஆனால் இழுத்துப் பிடிக்காது. அதனால் ஓப்பன்சீஸின் இழுவை தாங்காத ஈஎன்டி மெற்றீரியல் போட்டேன். போட்டவுடன் தாங்கி அப்படியே கீழே போகிறது! இரண்டு நோட்டையும் மாற்றிக் கொடுத்தால் சரியாகுமா?

*

ஓம், அதுதான். எலமென்ட்டின் நீட்சி என்பது இரண்டாம் நோட்டின் இடப்பெயர்ச்சியில் இருந்து முதலாம் நோட்டினதைக் கழித்தது. நிலத்தில் பொருத்திய நோட்டை முதலில் கொடுங்கள், தூணின் அடியை இரண்டாவதாக. தூண் இறங்கினால் மறை எண், அமுக்கம், கல் தாங்கும். நீங்கள் கொடுத்த வரிசையில் தூண் இறங்குவது அதற்கு இழுவையாகத் தெரியும், கைவிட்டுவிடும். மாற்றிப் போட்டபின் முதலில் தாங்கியின் நிறையை மட்டும் ஏற்றி, நிலத்து நோட்டுகளின் எதிர்த்தாக்கக் கூட்டுத்தொகை அந்த நிறைக்குச் சமமா என்று பாருங்கள். காற்றைப் பிறகு ஏற்றலாம்.