12 அடிக் கொழுந்துக்காரி உருவம்: பழைய சாமானில் செய்தால் மழைக்கு நிற்குமா?

கூடைக்காரன் (வட்டவளை)

தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் உள்ள மண்மேட்டில், கூடையோடு நிற்கும் கொழுந்துக்காரி (தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்) உருவம் ஒன்று செய்ய யோசனை. உயரம் 12 அடி, அகலம் ஏறக்குறைய 3 அடி. சேர்ந்திருக்கிற சாமான்: 1½ அங்குல ஜீ.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் நாலு, கழற்றிய கூரைத் தகரம், ஓட்டைச் சைக்கிள் இரண்டு, உடைந்த பீங்கான் நாலு சாக்கு, முந்நூறு போத்தல், சோடா டின் ஒரு மூட்டை. சீமெந்து, மணல், கம்பி, கோழி வலை மட்டும்தான் காசு கொடுத்து வாங்குவது. மாதிரிக்கு மனதில் இருப்பது, இரும்பிலும் சாந்திலும் கட்டி உடைந்த பீங்கான், போத்தல் பதித்த லொஸ் ஏஞ்சல்ஸ் வாட்ஸ் கோபுரங்கள். பைப்பை வெல்டிங் பண்ணத்தான் வேண்டுமா? தகரத்தை உடம்பு மாதிரி வளைத்து, அதன் மேல் சாந்து பூசலாமா? சீமெந்து எத்தனை மூட்டை போகும்?

பழைய பாஸ்

தகரத்தின் மேல் பூசாதீங்க தம்பி. வழுவழுப்பில் சாந்து பிடிக்காது. பிடித்தாலும், வெயிலில் தகரம் விரிந்து இரவில் சுருங்க, பூச்சு ஓடு ஓடாகக் கழன்று வரும். தகரத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கூடை பின்னுங்க, அதுதான் அதற்கு அழகு. சோடா டின்னைச் சாந்துக்குள் புதைக்கவே கூடாது. அலுமினியம் ஈரச் சீமெந்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பி, சுற்றியுள்ள சாந்து நுரைத்துப் போகும்.

வெல்டிங் தேவையில்லை. சைமன் ரொடியா 1921இலிருந்து 1954 வரை தனியாளாக அந்தக் கோபுரங்களைக் கட்டினார். உயர்ந்தது ஏறக்குறைய 30 மீட்டர். வெல்டிங்கும் இல்லை, போல்ட்டும் இல்லை. இரும்பை ஒன்றின் மேல் ஒன்று படிய வைத்து, கம்பியால் இறுக்கிச் சுற்றி, வலை போர்த்தி, சாந்து அப்பினார். 1959இல் இடிக்கப் பார்த்தபோது 10,000 இறாத்தல் விசை கொடுத்து இழுத்துச் சோதித்தார்கள். இழுத்த இயந்திரம்தான் பழுதானது. உங்களுக்கும் அதே முறைதான்: பைப் இணையும் இடத்தில் ஒன்றரை அடியாவது ஒன்றன்மேல் ஒன்று படியட்டும், மூன்று இடத்தில் கட்டுக்கம்பி போட்டுக் குறட்டால் முறுக்குங்க. பைப்பின் மேல் வாயைச் சாந்தால் அடையுங்க. திறந்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கி, அடியிலிருந்து துரு ஏறும்.

பைப் நாலும் முதுகெலும்பு. அதைச் சுற்றி 6 மில்லி கம்பியை 6 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டி உடம்பை வளையுங்க. கோழி வலை உள்ளே இரண்டு சுற்று, வெளியே இரண்டு சுற்று. புது வலையாக இருந்தால் சில வாரம் மழையில் போட்டு மினுக்கம் போன பிறகு கட்டுங்க. புதுத் துத்தநாகப் பூச்சும் வெறும் கம்பியும் ஈரச் சாந்தில் சேர்ந்தால் கம்பியோரம் குமிழ் விடும்.

சாந்து, சீமெந்து 1க்கு மணல் 2. மணலை முதலில் போத்தலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்க. மேலே சேறு தடிப்பாகப் படிந்தால் கழுவாமல் தொடாதீங்க. தண்ணீர் மூட்டைக்கு 20 லீற்றர், ஈர மணல் என்றால் இன்னும் குறைவு. கையில் உருட்டினால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது. வெளியிலிருந்து ஒருவர் அப்ப, உள்ளே ஒருவர் கையோ பலகையோ வைத்துத் தாங்க வேண்டும். தனியாகச் செய்தால் வலைக்குப் பின்னால் காற்றுப்பை நிற்கும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

25 மில்லித் தடிப்புக்கு ஒரு மூட்டை 30 சதுர அடி போகும். உங்கள் உருவம் 110 சதுர அடி வரும், ஆக 4 மூட்டை. பீங்கான் பதிக்க 1. அடித்தளம் 5க்கு 5 அடி, ஆழம் ஒன்றரை அடி. கருங்கல் பொதித்துக் கொங்கிறீட் போட்டால் 5. மொத்தம் 10 மூட்டை. அடித்தளத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, இவ்வளவு அகலமான உருவத்தைக் காற்றுத் தள்ளும்போது தாங்குவது அதன் கனம்தான். ரொடியாவின் கோபுரம் சல்லடை மாதிரி, காற்று ஊடே போய்விடும்.

ஊவாக்காற்று

பாஸ் சொன்னது சரி, ஆனால் ஒன்று விட்டுவிட்டார். லொஸ் ஏஞ்சல்ஸில் ஆண்டுக்கு மழை 400 மி.மீ.கூட இல்லை. வட்டவளையில் 5,000 மி.மீ.க்கு மேல். அங்கேயே வெடிப்பை அடைத்து அடைத்துத்தான் காப்பாற்றுகிறார்கள். வலைக்கு மேல் குறைந்தது 10 மில்லி சாந்து வேண்டும், வலை எங்கும் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. சைக்கிள் சக்கரம், சங்கிலி எதையும் புதைக்காதீங்க. துரு ஊதினால் இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும், சாந்தைப் பிளந்துகொண்டு வரும். வெளியே போல்ட்டில் மாட்டுங்க, பிறகு மாற்றலாம்.

தட்டைச் சாக்குக்குள் வைத்து உடைத்து, தண்ணீரில் ஊறவையுங்க. மினுக்கம் இல்லாத உடைந்த விளிம்பும் பின்பக்கமும்தான் பிடிக்கும். துண்டின் பாதித் தடிப்பு மூழ்கும்வரை அழுத்துங்க. மெலமைன் தட்டு ஒட்டாது. கண்டால் பீங்கான் மாதிரியே இருக்கும், தட்டிப் பாருங்க. போத்தலை வாய் உள்நோக்கி, மூடி போட்டுப் பதியுங்க. வாய் மேல்நோக்கி நின்றால் தண்ணீர் தங்கி நுளம்பு முட்டையிடும், பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வழக்குப் போடுவார்.

வேலையைத் தை, மாசியில் வையுங்க. ஈரச்சாக்குப் போர்த்தி 14 நாள் நனைக்க வேண்டும். எங்கள் பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்றில் (வறண்ட மேல்காற்றில்) ஒரு பகலிலேயே மயிர்வெடிப்பு விழும், அதற்குச் சாக்கின் மேல் பொலித்தீனும் சுற்றுவோம்.

கூடைக்காரன்

நன்றி அண்ணா. அஸ்பெஸ்டஸ் ஷீட் துண்டும் கொஞ்சம் கிடக்கிறது, உடைத்துப் பதிக்கலாமா?

கான்வெட்டு

வேண்டவே வேண்டாம். உடைத்தால் பறக்கும் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும்.

எல்லாரும் உருவத்தைப் பேசுகிறீர்கள், மண்மேட்டை யாரும் கேட்கவில்லை. கொட்டிய மண்ணா, வெட்டிய மண்ணா? கொட்டியது என்றால் அங்கே வைக்காதீங்க, அடித்தளமும் உருவமுமாக 3 தொன் வரும். வெட்டிய சரிவு என்றால், மேட்டின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளுங்க. மேல்பக்கம் ஒரு அடி அகலக் கான் (வடிகால்) வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் இறக்குங்க. லயத்தின் மேல் இறக்காதீங்க. உருவத்தின் பாதத்தில் அரை அங்குலப் பைப் இரண்டு விடுங்க, உள்ளே கசிந்தது வடியட்டும்.

நிலம் தோட்டத்துடையது. தொரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) அனுமதியை எழுத்தில் வாங்குங்க. சரிவு சந்தேகம் என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்டக் காரியாலயத்தில் கேளுங்க. சண்டிகரில் பழைய சாமானில் சிலைகள் செய்த நேக் சந்த் 1957இலிருந்து அரசாங்கக் காட்டு நிலத்தில் ஒளித்தே கட்டினார், கண்டுபிடித்த பிறகு இடிக்காமல் 1976இல் திறந்தார்கள் என்று சிலர் உதாரணம் காட்டுவார்கள். அவருடைய சிலைக்குக் கீழே லயம் இல்லை.

மேட்டின் உயரம் எத்தனை அடி என்று அளந்து போடுங்க.