புதுப்பிப்பு: அப்பா போன பிறகு என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தேனே

மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன்: அப்பா தவறிய பிறகு தூக்கமில்லை, தம்பி மேல் சும்மா சும்மா எரிந்து விழுகிறேன், மனசைத் தேற்றிக்கொள்ளப் புத்தகம் சொல்லுங்கள் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகங்கள் இரண்டைப் பாதியிலேயே மூடிவிட்டேன். துக்கத்தில் இருக்கும்போது இலக்கு, சாதனை எதுவும் காதில் ஏறவில்லை.

விக்டர் ஃபிராங்கல் பிடித்துக்கொண்டார். வியன்னா மனநல மருத்துவர். நாஜி வதைமுகாம்களில் பிழைத்து வந்து, அந்த அனுபவத்தை 1946இல் நூலாக (ஆங்கிலத்தில் 'Man's Search for Meaning') வெளியிட்டவர். எல்லாம் பறிபோனாலும், அதை எப்படி எதிர்கொள்வது என்ற முடிவு நம்மிடம்தான் என்கிறார். பெற்றோரையும் மனைவியையும் முகாம்களில் இழந்தவர் சொல்வதால் நம்ப முடிந்தது. சனிக்கிழமைதோறும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் உட்கார்ந்து, ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்தான்.

குறளை எடுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தீர்கள். அலமாரியில் அப்பாவின் பிரதி இருந்தது, அட்டை பிய்ந்து, உள்ளே ஒரு பழைய பஸ் டிக்கெட்டோடு. 190ஆம் குறளுக்குப் பக்கத்தில் பென்சில் கோடு:

"ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின்
தீதுண்டோ மன்னும் உயிர்க்கு."

அடுத்தவர் குற்றத்தைப் பார்ப்பதுபோல் நம் குற்றத்தையும் பார்த்தால் தீமையே வராது என்கிறது. அன்றைக்கு ராத்திரியே தம்பிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுக்கா" என்றான், அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம்.

டாக்டரையும் பாருங்கள் என்றவருக்கு: பார்த்தேன், தொடர்ந்து போகிறேன். இப்போது ஐந்து மணி நேரமாவது தூங்குகிறேன்.