நம்ம வீட்டு குரூப்: டிரையல் ஃபார்ம்

கவிதா: அத்தை, அப்பாவை ஒரு சுகர் மருந்து டிரையல்ல, அதாவது மருந்தை ஆளுங்ககிட்ட சோதிக்கற ஆய்வுல, சேரச் சொல்றாங்க. நிறைய பேர்கிட்ட சோதிக்கற மூணாம் கட்டமாம். 22 பக்கம் ஃபார்ம், நாளைக்கே கையெழுத்து வேணுமாம்.

மாலதி அத்தை: நாளைக்கே எதுக்கு? வீட்ல வெச்சுப் படிச்சு, கேள்வி கேட்டு, அப்புறம் போடலாம், அது அண்ணனோட உரிமை. அவசரப்படுத்தினா எனக்கு அதுவே இடிக்கும்.

ரகு சித்தப்பா: இப்ப சாப்பிடற மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்களா?

கவிதா: ஆமா, ரெண்டு வாரம் நிறுத்திட்டு வரணுமாம்.

ரகு சித்தப்பா: நிறுத்த வேண்டாம்! இப்படிப் பழைய மருந்து உடம்பை விட்டுப் போக நிறுத்தி வைக்கறதுக்கு வாஷ்அவுட்னு பேரு, அதுவும் ஆய்வுல சேர்ந்ததுதான். கையெழுத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கணும். அந்த ரெண்டு வாரத்துல சுகர் எவ்வளவு ஏறினா யாருக்கு போன் பண்ணணும், என்ன மருந்து தருவாங்கன்னு ஃபார்ம்ல தேடு.

அப்பா: எனக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை வந்துட்டா?

மாலதி அத்தை: வரலாம்ண்ணா. குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர் பிரிக்கும், டாக்டருக்கே தெரியாது. பல சுகர் டிரையல்ல பழைய மருந்தோட சேர்த்துதான் டம்மி தருவாங்க. இதுல எப்படின்னு கேளுங்க. அவசரம்னா எது சாப்பிட்டீங்கன்னு ரகசியக் குறியீட்டை உடைச்சுப் பார்க்க வழி உண்டு. அதுக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் இருக்கற கார்டு எப்பவும் பர்ஸ்ல இருக்கணும்.

ரகு சித்தப்பா: கவிதா, ஃபார்ம்ல என்.சி.டி.ன்னு ஆரம்பிச்சு 8 இலக்கத்துல டிரையலோட பதிவு எண் இருக்கா பாரு. இருந்தா கிளினிக்கல்டிரையல்ஸ் டாட் கவ்ங்கற அமெரிக்க அரசுப் பதிவுத் தளத்துல போட்டா முழு விவரமும் வரும்.

மாலதி அத்தை: எல்லாரும் கோட்டை விடற இடம் மாத்திரைக் கணக்கு. 70 மாத்திரை தந்து, தினம் 2 வீதம் 28 நாள்னா 56 போகணும், 14 திரும்பி வரணும். 20 வந்தா 6 விட்டுருக்கீங்க. விட்டா விட்டேன்னு டைரில எழுதுங்க, யாரும் திட்ட மாட்டாங்க. வெட்கப்பட்டு மிச்சத்தைக் குப்பைல போட்டா, எல்லாம் சாப்பிட்டீங்கன்னு நினைச்சு, மருந்து வேலை செய்யலைன்னு தப்பா முடிவாகிடும். காலி அட்டையும் திரும்பி வரணும்.

மாலதி அத்தை: இன்னொண்ணு. விசிட் அன்னிக்குக் காலைல வீட்லயே மாத்திரை போட்டுக்காதீங்க, முதல்ல கேட்டுக்கோங்க. டோஸுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கற நாளா இருந்தா அந்த சாம்பிளே வீண்.

ரகு சித்தப்பா: சளி, தலைவலி, கடைல வாங்கின வலி மாத்திரை, லேகியம் எல்லாம் சொல்லணும். ஆஸ்பத்திரில படுக்க வேண்டி வந்தா உடனே போன், அடுத்த விசிட் வரை காத்திருக்கக் கூடாது.

அப்பா: நடுவுல பிடிக்கலைன்னா?

மாலதி அத்தை: எப்ப வேணா விலகலாம், காரணமே சொல்ல வேண்டாம். ஆனா சொல்லாம நின்னுடாதீங்க, கடைசியா ஒரு பாதுகாப்புப் பரிசோதனை முடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் எடுத்த விவரம் பொதுவா அவங்ககிட்டயே இருக்கும். ரத்தத்தைப் பிற்கால மரபணு ஆய்வுக்கு வெச்சுக்கறதுக்கு ஃபார்ம்ல தனிக் கட்டம் இருந்தா, வேண்டாம்னு டிக் பண்ணிட்டும் பெரும்பாலும் சேரலாம்.

கவிதா: மருந்தால ஏதாவது ஆனா செலவு யாரு?

மாலதி அத்தை: அதை வாயால சொன்னா ஏத்துக்காதே. எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டச் சொல்லு. கையெழுத்துப் போட்ட ஒரு பிரதி உங்க கைல இருக்கணும்.

அப்பா: சரிம்மா. நாளைக்கு வரலைன்னு போன் பண்ணிடறேன்.