318 தொடர்புகள் இருந்தும் மதிப்பெண் ஏன் இவ்வளவு குறைந்தது?

காரைக்குடி புதியவர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில், எங்கள் ஐயா காலத்து வீட்டின் மொட்டை மாடியில், 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் என்னும் அலைவரிசைகளுக்குப் பொதுவாக ஒரு டைபோலும் 40 மீட்டருக்கு ஓர் இன்வெர்ட்டட் வி ஆண்டெனாவும் கட்டியிருக்கிறேன். திறன் 50 வாட்தான். பல நாட்டு நிலையங்களுடன் பேசிப் புள்ளி சேர்க்கும், அக்டோபர் கடைசி முழு வார இறுதியில் நடைபெறும் சி.கியூ. உலகப் போட்டியின் குரல்வழிப் பிரிவில் முதன்முறையாகக் கலந்துகொண்டேன். நம் நேரப்படி சனிக்கிழமை அதிகாலை 5:30 மணிக்குத் தொடங்கியதால், விடிந்தும் விடியாமலும் இப்படிக் கத்துகிறானே என்று எங்கள் ஆயா எழுந்து வந்து திட்டிய பிறகுதான் ஒலிவாங்கியை வாயருகே வைத்து மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டேன்.

பேசிய நிலையங்களைக் குறித்துவைக்கும் என் லாக்கில் 318 தொடர்புகள் இருந்தன. அவற்றுள் 24 இந்திய நிலையங்கள், 176 ஆசியாவின் பிற நாடுகள், 118 மற்றக் கண்டங்கள். மொத்தப் புள்ளியைப் பெருக்கும் பெருக்கிகளாக, ஒவ்வொரு பேண்டிலும் புதிதாகக் கிடைத்தவற்றை எண்ணினால், மண்டலங்கள் (போட்டிக்காக உலகைப் பிரித்த பகுதிகள்) 38, நாடுகள் 71 கிடைத்தன. மென்பொருள் காட்டிய மதிப்பெண் 57,770. முடிவு வெளிவந்தபோது அது 44,290 ஆகிவிட்டது. சரிபார்ப்பு அறிக்கையில் 9 அழைப்புக்குறிகள் (நிலையங்களின் அடையாளக் குறிகள்) தவறு என்றும், 5 தொடர்புகள் எதிர்நிலையத்தின் லாக்கில் இல்லை என்றும், 4 இடங்களில் எதிர்நிலையம் சொன்ன மண்டல எண்ணை எழுதியது தவறு என்றும் உள்ளன. முதல் இரண்டு வகையிலும் சேர்த்த 14 தொடர்புகளில் 8 மட்டுமே வேறு கண்டத்தைச் சேர்ந்தவை. வெறும் 18 தொடர்புகளுக்காக 13,480 மதிப்பெண் போகுமா?

இன்னொரு செய்தி என்னை மேலும் குழப்புகிறது. மதுரையில் உள்ள என் நண்பர் 241 தொடர்புகள் மட்டுமே எடுத்து, சரிபார்ப்புக்கு முன் 92,250 காட்டினார். அவர் ஆண்டெனாவும் என்னுடையதைப் போன்றதே. நான் எங்கே தவறினேன் என்பதைப் பெரியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தேவகோட்டை கணக்கு ஆசிரியை

தம்பி, உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. இந்தப் போட்டியில் வேறு கண்டத்துத் தொடர்புக்கு 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாட்டுக்கு 1 புள்ளி, இந்தியாவுக்குள் 0 புள்ளி. ஆகவே உங்கள் 318 தொடர்புகள் தந்தவை 176 உடன் 354 சேர்த்து 530 புள்ளிகள். அதை 109 பெருக்கிகளால் பெருக்கினால் 57,770 வருகிறது.

இனி கழித்தலைப் பார்ப்போம். அழைப்புக்குறியைத் தவறாக எழுதினாலோ, எதிர்நிலையத்தின் லாக்கில் உங்கள் பெயரே இல்லாவிட்டாலோ, அந்தத் தொடர்பின் புள்ளி நீக்கப்படுவதோடு அதன் இரு மடங்கு தண்டமாகவும் கழிக்கப்படும். உங்கள் 14 தொடர்புகளின் புள்ளி 30, தண்டம் 60. மண்டல எண் தவறிய தொடர்புகளுக்குத் தண்டம் கிடையாது, அவை நீக்கப்படுவதோடு சரி. அந்த நான்கில் மூன்று வேறு கண்டத்தவை என்று கொண்டால் 10 புள்ளி. மொத்தம் 100 போக எஞ்சுவது 430. பெருக்கிகளில் 6 போய் 103 ஆகியிருக்க வேண்டும், ஏனெனில் 430ஐ 103ஆல் பெருக்கினால் சரியாக 44,290 வருகிறது. புள்ளியும் பெருக்கியும் ஒருசேரக் குறைந்ததால்தான் 18 தொடர்புகளின் இழப்பு ஏறத்தாழ 23 விழுக்காடாகப் பெருத்துவிட்டது.

உங்கள் நண்பர் செய்ததை ஊகிக்க முடிகிறது. 241இல் 190 தொடர்புகள் வேறு கண்டத்திலும் 45 ஆசியாவிலும் 6 இந்தியாவிலும் இருந்தால் 615 புள்ளிகள். பெருக்கிகள் 150 என்றால் 92,250. கணக்கு இப்படித்தான் அமைந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஏறத்தாழ இப்படி அமையாமல் அந்த எண் வராது.

உங்கள் நிலையில் ஒரு ஜப்பான் தொடர்பு கூட்டித் தருவது 109 மதிப்பெண், ஓர் ஐரோப்பியத் தொடர்பு தருவது 327, ஒரு புதிய பெருக்கியோ 530. காலையில் ஜப்பானியர்கள் வரிசை கட்டி வரும்போது விட்டுவர மனம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஐந்து ஜப்பான் நிலையங்களைப் பிடிக்கும் நேரத்தில் ஒரு புதிய நாட்டைத் தேடிப் பிடித்தால் வரவு ஏறக்குறைய ஒன்றே. அந்த நாடு புதிய மண்டலத்திலும் இருந்தால் வரவு இரட்டிப்பு. இந்தியத் தொடர்புகளையும் 24 வரை எடுத்திருக்க வேண்டியதில்லை. புள்ளி 0 என்றாலும், ஒவ்வொரு பேண்டிலும் முதல் இந்தியத் தொடர்பு மண்டலம் 22, நாடு இந்தியா என்று இரண்டு பெருக்கிகளைத் தருகிறது. அதற்கு மேல் எடுப்பதெல்லாம் நலம் விசாரிப்பு.

புதுக்கோட்டை சாலை

தண்டம் மூன்று மடங்கு என்றல்லவா நான் கேள்விப்பட்டிருக்கிறேன்?

தேவகோட்டை கணக்கு ஆசிரியை

தொடர்பின் சொந்தப் புள்ளி ஒரு பங்கு, தண்டம் இரண்டு பங்கு. இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்கள் மூன்று மடங்கு என்பார்கள். இழப்பு ஒன்றுதான்.

கோட்டையூர் மூத்தவர்

ஆசிரியை கணக்கைத் தெளிவாக்கிவிட்டார். அந்தப் பிழைகள் எப்படி வந்திருக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

மண்டல எண்ணைப் பெரும்பாலும் மென்பொருளே முன்கூட்டி நிரப்பிவிடும். ஜப்பான் என்றால் 25, இலங்கை என்றால் 22 என்று அது போடுவது சரியே. ஆனால் அமெரிக்காவில் 3, 4, 5 என மூன்று மண்டலங்கள் இருக்கின்றன. அங்கே ஒருவர் மேற்குக் கரையில் வாங்கிய அழைப்புக்குறியை வைத்துக்கொண்டே கிழக்குக் கரைக்குக் குடிபோய்விடலாம். சீனாவில் 23, 24 என்ற இரண்டும், ரஷ்யாவில் அதற்கு மேலும் உண்டு. நம் நாட்டிலேயே அந்தமான் 26ஆம் மண்டலம். ஆகவே திரையில் உள்ள எண்ணைப் பாராமல் காதில் விழுந்த எண்ணை எழுத வேண்டும். உங்கள் நான்கு பிழைகளும் இத்தகைய நாடுகளில்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்.

எதிர்நிலையத்தின் லாக்கில் இல்லாத ஐந்துக்கும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். பலர் ஒரே நேரத்தில் அழைக்கும்போது அவர் வேறொருவருக்குச் சொன்ன நன்றியை நமக்கென்று எடுத்துக்கொள்வது ஒன்று. அவர் நம் அழைப்புக்குறியை முழுமையாகத் திருப்பிச் சொல்லாதவரை எழுதாதீர்கள். ஐயமிருந்தால் மீண்டும் அழையுங்கள், ஏனெனில் அதே நிலையத்தை அதே பேண்டில் மீண்டும் எழுதும் இரட்டைத் தொடர்புக்குத் தண்டம் இல்லை. மற்றொன்று கணினிக் கடிகாரம். லாக்கில் உலகப் பொது நேரம் இருக்க வேண்டும். நம் நேரத்தை அப்படியே விட்டுவிட்டால் ஐந்தரை மணி நேரம் பிசகி எல்லாமே கெட்டுவிடும். ஐந்து மட்டுமே போயிருப்பதால் உங்கள் கடிகாரம் சரியாகவே இருந்திருக்கிறது.

ஒன்பது தவறான அழைப்புக்குறிகள்தாம் எனக்கு உறுத்துகின்றன. எந்த நிலையம் எந்த அலைவெண்ணில் இருக்கிறது என்று பிறர் இணையத்தில் இடும் பட்டியலான கிளஸ்டரைப் பார்த்துக்கொண்டு இயக்கினீர்களா? எந்தப் பிரிவில் லாக்கை அனுப்பினீர்கள்?

காரைக்குடி புதியவர்

கைப்பேசியில் கிளஸ்டரைத் திறந்து வைத்திருந்தேன், ஐயா. ஆனால் உதவியில்லாத் தனியாள் பிரிவில் அனுப்பினேன். கணினியில் பார்க்கவில்லை என்பதால் அது பொருந்தும் என்று நினைத்துவிட்டேன்.

கோட்டையூர் மூத்தவர்

அது தவறு, தம்பி. கணினியானாலும் கைப்பேசியானாலும், பக்கத்து அறையிலிருந்து தம்பி ஓடிவந்து சொன்னாலும், எந்த நிலையம் எந்த அலைவெண்ணில் இருக்கிறது என்பதைப் பிறர் வழியே அறிந்தால் அது உதவி பெற்ற பிரிவைச் சேரும். தெரியாமல் செய்தது என்றாலும், போட்டிக் குழுவுக்கு எழுதி உண்மையைச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைப்பதுதான் வெட்கம். உதவி பெற்ற பிரிவு தாழ்ந்ததும் அன்று. நம்மைப் போல ஓரத்தில் இருக்கும் நிலையத்துக்குப் பெருக்கி சேர்க்க அது நல்ல வழிதான். ஆனால் கிளஸ்டரில் ஒருவர் அழைப்புக்குறியைத் தவறாக இட்டால், சொந்தக் காதால் சரிபாராத நூறு பேர் அதே தவறை எழுதுவார்கள். உங்கள் ஒன்பதில் பல அப்படி வந்தவையாக இருக்கும், சரிபார்த்துச் சொல்லுங்கள். போட்டி முடிந்த பின் தரவுத்தளத்தைப் பார்த்து லாக்கைத் திருத்துவதற்கும் அனுமதியில்லை.

அடுத்த முறை புதியோர் பிரிவையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். உரிமம் பெற்று மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்கு அது உண்டு. முழு 48 மணி நேரமும் விழிக்க வீட்டில் விடமாட்டார்கள் என்றால் கிளாசிக் என்ற பிரிவு இருக்கிறது. ஒரே கருவி, உதவியில்லை, 24 மணி நேரம். நான் 2019இல் அதை நாடியதற்குக் காரணமே தீபாவளி. அந்த ஆண்டு போட்டியின் ஞாயிற்றுக்கிழமையிலேயே பண்டிகை வந்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒலிவாங்கி முன் உட்கார முடியாமல் போயிற்று.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானும் பசிபிக்கும் காலையில் வரும். நண்பகலுக்குப் பின் 15, 10 மீட்டர் பேண்டுகளை ஐரோப்பாவுக்கென்று ஒதுக்குங்கள். மாலை 6:30க்கு மேல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் பொழுது விடிந்திருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் சாப்பிட எழாதீர்கள். மேற்குக் கரையின் 3ஆம் மண்டலம் நமக்குத் துருவத்தைக் கடந்து வர வேண்டியது. கிடைத்தால் அதிர்ஷ்டம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சூரியச் சுழற்சி 25இன் உச்சக் கட்டத்தை 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அது இறங்க இறங்க 10 மீட்டரின் மாலை நேரம் சுருங்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பள்ளத்தூர் மின்பணியாளர்

நான் போட்டிகளில் அதிகம் கலந்துகொள்வதில்லை, ஆனால் இரைச்சலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அழைப்புக்குறி தவறுவதற்குக் காது மட்டும் காரணமாக இருக்காது. வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கருவியை 12 வோல்ட் பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். எல்இடி விளக்குகள், இன்வெர்ட்டர், மடிக்கணினி சார்ஜர் என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துப் பிடியுங்கள். பிடிபட்ட பொருளின் மின்கம்பியை 31 வகை ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

நம் வட்டாரத்து வீடுகளில் ஒரு வசதி உண்டு. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருப்பதால், 80 மீட்டர் பேண்டுக்குத் தேவையான ஏறத்தாழ 39 மீட்டர் கம்பியைக் கூட மாடியை விட்டு வெளியே போகாமல் கட்டிவிடலாம். அந்த ஒரு பேண்டைச் சேர்த்தாலே எத்தனை புதிய பெருக்கிகள் என்பதை ஆசிரியை சொல்வார். செங்குத்து ஆண்டெனா வைக்க நினைத்தால் மட்டும் எச்சரிக்கை. நம் செம்பாறாங்கல் தரை வறண்டு கிடக்கும்போது நல்ல நிலத்தொடர்பைத் தராது, ஆகவே தரைக்கு மேலே உயர்த்திய ரேடியல் கம்பிகள் வேண்டும். குரல் போட்டி வரும் வேளையில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியிருக்கும். பிற்பகல் இடி கேட்டதும் 40 மீட்டரில் காது கிழியும். அப்போது ஆண்டெனாக் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றிவிடுங்கள், மதிப்பெண் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காரைக்குடி புதியவர்

அறிக்கையையும் லாக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தவறான ஒன்பது அழைப்புக்குறிகளில் ஆறு கிளஸ்டரில் இருந்தபடியே நான் எழுதியவை. மூத்தவர் ஐயா சொன்னது போலவே மண்டலப் பிழைகளில் மூன்று அமெரிக்காவிலும் ஒன்று சீனாவிலும் இருக்கின்றன. போட்டிக் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதி அனுப்பிவிட்டேன். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்ததில் 40 மீட்டர் இரைச்சல் பாதிக்கும் மேல் குறைந்தது. ஆயா தொலைக்காட்சிக்காகப் புதிதாக வாங்கிய பெட்டியின் அடாப்டர்தான் காரணம். அதைப் பிடுங்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஃபெரைட் வளையம் காரைக்குடியில் எங்கே கிடைக்கும்?

பள்ளத்தூர் மின்பணியாளர்

இங்கே கடைகளில் 31 வகை என்று கேட்டால் விழிப்பார்கள். என்னிடம் இரண்டு மிச்சம் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அடாப்டரையும் எடுத்து வாருங்கள், எத்தனை சுற்று வேண்டும் என்பதைக் கருவியில் கேட்டுப் பார்த்தே முடிவு செய்வோம்.