வெங்காயம் இப்பவே வாங்கலாமா?

குழு: ஆற்காட்டு வீடு
2023 டிசம்பர் 9, சனி

காட்பாடி சித்தி: பாப்பா காதுகுத்துக்குப் பிரியாணி மாஸ்டர் லிஸ்ட் கொடுத்துவிட்டார். பச்சடியோடு சேர்த்து வெங்காயமே 1 மூட்டை. விசேஷம் ஜனவரி 21. இப்பவே எடுத்து வைத்துவிடட்டுமா?

குடியாத்தம் அத்தை: இங்கே கிலோ 60 சொல்றான்

சுரேஷ்: எடுத்துடுங்க சித்தி, இன்னும் ஏறும்

பெரியப்பா: யாரும் அவசரப்பட வேண்டாம். விவரமாகச் சொல்கிறேன். ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீதம் வரி போட்டார்கள். விலை அடங்கவில்லை. அக்டோபர் கடைசியில், டன் 800 டாலருக்குக் கீழே வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்றார்கள். அதற்கும் அடங்கவில்லை. நேற்று, வரும் மார்ச் 31 வரை ஏற்றுமதிக்கே தடை போட்டுவிட்டார்கள். கப்பலேற வேண்டிய சரக்கு உள்ளேயே நின்றால் விலை இறங்கித்தானே ஆக வேண்டும்? அது போக, மத்திய அரசு 5 லட்சம் டன் கையிருப்பு வைத்து, வடக்கே வேன்களில் வைத்து கிலோ 25 ரூபாய்க்கு விற்கிறது.

சுரேஷ்: அந்த வேன் காட்பாடி ரயில்வே கேட் தாண்டி வருமா பெரியப்பா 😂

குடியாத்தம் அத்தை: ஜூலையில் ரேஷன் கடையில 60 ரூபாய்க்குத் தக்காளி போட்டாங்களே. ஆளுக்கு 1 கிலோ. நான் வரிசையில் நின்னு கிட்டே போனப்ப கூடையில் நசுங்கினது நாலுதான் கிடந்தது

காட்பாடி சித்தி: அண்ணி அது இருக்கட்டும், வெங்காயம்?

லத்தேரி மணி: விலை ஏறினால் தடை, வரி, வேன் எல்லாம் வருது. நான் தக்காளியை 2 ரூபாய்க்குக் கேட்கிறாங்கன்னு செடியிலேயே விட்டேனே, அப்ப ஒரு வேனும் வரலை. பறிக்கிற கூலிக்கே கட்டலை. நேற்று தடையை எதிர்த்து நாசிக் பக்கம் வெங்காய விவசாயிகள் மறியல், பார்த்தீங்களா?

பெரியப்பா: மணி, அதுவும் நியாயம்தான். ஆனால் வாங்குகிறவன் பக்கமும் பார்க்க வேண்டும். விலை ரொம்ப ஏறாமல் பார்த்துக்கொள்ள, விலை நிலைநிறுத்த நிதி என்று 2014-15லேயே ஒன்று தொடங்கினார்கள்.

லத்தேரி மணி: வாங்குகிறவனுக்கு ஓட்டு அதிகம், அவ்வளவுதான்

சுரேஷ்: 🙏 அரசியல் வேண்டாம் மணி அண்ணா. யார் மடியில் உட்கார வைத்துக் குத்தறோம்? அதை முதல்ல பேசுங்க

குடியாத்தம் அத்தை: பெரிய தாய்மாமன் இருக்கும்போது இதென்ன கேள்வி

சுரேஷ்: போன தடவை அவர் கோவிச்சுக்கிட்டுப் பந்தியில் உட்காரலையே

காட்பாடி சித்தி: அந்தக் கதை இங்கே வேண்டாம் 🙏 வெங்காயம்!!

சித்தப்பா: வாங்காதே

காட்பாடி சித்தி: ஏங்க, பக்கத்து ரூமிலிருந்து மெசேஜா?

சித்தப்பா: அக்கா கல்யாணத்துக்கு மாடியில் அடுக்கினோமே. பாதி அழுகல், பாதி முளை. வீடே ஒரு வாரம் நாறியது

பெரியப்பா: அதேதான். புது வெங்காயத்தில் ஈரம் அதிகம், நிற்காது. பொங்கல் கழியட்டும்.

காட்பாடி சித்தி: சரி, மார்க்கெட்டில் 10 கிலோ மட்டும் எடுக்கிறேன். மீதி அப்புறம்

குடியாத்தம் அத்தை: 10 கிலோ எதுக்கு இப்ப?

காட்பாடி சித்தி: மணி, உன் தோட்டத்தில் தக்காளி இருக்கா? எவ்வளவு போட்டுக் கொடுப்பே?

லத்தேரி மணி: சித்திக்கு என்ன விலை. மார்க்கெட் விலைதான் 😁