ஜிம் சேர்ந்ததும் எடை ஏறுது, இடுப்பு குறையுது. வழி சொல்லுங்க

வணக்கம். என் தங்கை சமீபத்தில்தான் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தாள். சாப்பாட்டையும் அளவாக்கிவிட்டாள். ஆனால் எடை ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. சுடிதார் பேன்ட்டோ இடுப்பில் தளர்ந்திருக்கிறது. மனசு விட்டுப்போய், நிறுத்திவிடலாமா என்கிறாள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

புதிதாகப் பளு தூக்கும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் வரும், அது ஆறும்வரை அங்கே நீர் கோர்த்துக்கொள்ளும். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். இவ்வளவு சீக்கிரம் ஒன்றரை கிலோ தசை வளராது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வேறு உடம்பில் நீர் தங்கும். இதெல்லாம் சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

இதைக் கடந்து வந்த பெண்கள் சொல்லுங்களேன்: உங்களுக்கு எடை எப்போது இறங்கத் தொடங்கியது? எடை மெஷினை ஓரங்கட்டிவிட்டு இடுப்பளவை மட்டும் பார்த்தால் போதுமா? கிரியேட்டின் (தசை பலத்துக்காக எடுக்கும் சத்துப்பொடி) எடுக்கச் சொல்கிறார் டிரெய்னர். அதுவும் தசையில் நீரைச் சேர்க்குமே, கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா?